முப்பத்தேழாம் எண் அட்டை

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், எங்கள் வேதக்கோயில் வாசலில் ஒரு வேட்பாளர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் விபூதி, கழுத்தில் மாலை, வாய் நிறைய "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்". யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், உச்சரிப்பில் பிசகே இல்லை. நாங்களும் பதிலுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு மட்டும் உள்ளங்கை வேர்த்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு தேர்தலைப் பார்த்து ஒருவனுக்குக் கை வேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில் என் டைரிகள் வருட வரிசையில் நிற்கின்றன, ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டி. என் மனைவி அந்தத் தட்டைக் கல்லறைத் தோட்டம் என்பாள். எத்தனை மணி பஸ்ஸில் போனேன், என்ன சாப்பிட்டேன், யார் வந்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. என்ன நினைத்தேன் என்பது அநேகமாக இருக்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தேர்தல் நடந்த வருடத்தின் டைரியை உருவினேன். அந்துருண்டை வாசனையோடு ஒரு சின்ன அட்டை மடியில் விழுந்தது. பழுப்பு நிறம், தீப்பெட்டி அளவு, நடுவில் என் கையெழுத்தில் 37.

அட்டை என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சேக்காட்டில் எங்கள் கோயில் அப்போதுதான் ஓலைக்கூரையிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மாறியிருந்தது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலை வேலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள்தான் சபை. போதகருக்கு எங்களையும் சேர்த்து மூன்று சபைகள். பூந்தமல்லியில் குடியிருந்துகொண்டு சைக்கிளில் வந்துபோவார். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சபைச் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டும். செயலாளர் எண் போட்ட அட்டை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். ஞாயிறன்று பீடத்தின் முன்னால் இருக்கும் மரக்கிராதியில் முழங்காலிடப் போகும்போது, அந்த அட்டையைத் தட்டில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அட்டை இல்லாதவர்கள் இருக்கையிலேயே இருக்க வேண்டியதுதான். தட்டோடு நிற்பவர் செயலாளர். செயலாளர் நான். வயது இருபத்துமூன்று.

அட்டைகளை நானே செய்தேன். நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க், ஆட்கள் வந்துபோகிற நேரத்தைப் பதிகிற வேலை. தூக்கிப் போடுகிற பழைய டைம் கார்டுகளை வாங்கிவந்து, ஸ்கேல் வைத்து வெட்டி, ஒன்று முதல் நூறு வரை எண் எழுதினேன். திருவிருந்து எடுக்கத் தகுதி பெற்றவர்கள் சபையில் எழுபத்துமூன்று பேர்தான். "நூறு எதுக்கு?" என்று போதகர் கேட்டார். "சபை வளரும் ஐயா" என்றேன். விசுவாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். எழுபத்துமூன்றில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அட்டையை மூக்கருகே கொண்டுபோனால் இன்றும் லேசாக மிஷின் ஆயில் வாசனை வருகிறது. அந்துருண்டையைத் தாண்டி அது எப்படி வரும் என்று கேட்காதீர்கள். எனக்கு வருகிறது. அது வந்தால் ஞானமுத்து மாமாவும் வந்துவிடுவார்.

என் அக்கா எஸ்தரின் புருஷன். அதே தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகடு அழுத்தி வெட்டுகிற மிஷினில் வேலை. தேர்தலுக்கு முந்திய வருடம் பிரஸ்ஸில் அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின. கையைத் துணியில் சுற்றி கேட்டுக்கு அழைத்துவந்தார்கள். கேட்டைத் தாண்ட அவுட் பாஸ் வேண்டும். நான் பாஸ் எழுத உட்கார்ந்தேன். பெயர், டோக்கன் நம்பர், பிரிவு, நேரம், காரணம். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே தொழிற்சங்க நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த கோதண்டம் என்பவர் வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மாமாவைத் தூக்கித் தன் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துப் போய்விட்டார். நான் பாஸை எழுதி முடித்து, கார்பன் பிரதியைக் கிழித்து, கோப்பில் வைத்தேன்.

அந்தக் கோதண்டம்தான் மறுவருடம் எங்கள் தொகுதியில் நின்றார். சாமி இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர். எதிர்த்து நின்ற அருள்ராஜ் எங்களவர். பூந்தமல்லியில் மரக்கடை வைத்திருந்தார். எங்கள் சபைக்குக் கல்லறைத் தோட்டத்துக்கு இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அது லேசான பேச்சு அல்ல. எங்களில் யாராவது இறந்தால் பாரிவாக்கம் வழியாகப் பூந்தமல்லிவரை வண்டியில் கொண்டுபோய், அங்கே உள்ள பெரிய சபையாரின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும். என் அப்பாவின் பெட்டி வெயிலில் இரண்டு மணி நாற்பது நிமிடம் காத்திருந்தது. அதனால் சபையில் முக்கால்வாசிப் பேர் அருள்ராஜ் பக்கம்.

மாமா மட்டும் கோதண்டத்துக்குக் கொடி பிடித்தார். சைக்கிளில் கொடி கட்டி, அதிலேயே கோயிலுக்கு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்துவார். ஒரு நாள் தங்கையா மேஸ்திரி அவரைப் பிடித்துக்கொண்டார். தங்கையா சபைக் கமிட்டியில் மூத்தவர், எங்கள் தொழிற்சாலையிலும் மேஸ்திரி. சபையில் பாதிப்பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், எனக்கும்தான்.

"இன்னா ஞானமுத்து, சாமியே இல்லன்றவன் கொடியப் புடிச்ச கையில அப்பமும் வாங்குவியா?"

மாமா வலது கையை விரித்துக் காட்டினார். "ரெண்டு வெரல மிசினு துன்னுடுச்சு மேஸ்திரி. மீதி மூணு கீது. கொடியும் இதுலதான் புடிக்கணும், அப்பமும் இதுலதான் வாங்கணும். வேற கை ஆடர் குடுத்துக்கீறேன். வந்ததும் சொல்லி அனுப்புறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். தங்கையா சிரிக்கவில்லை.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு திருவிருந்து ஞாயிறாக அமைந்தது. வெள்ளிக்கிழமைவரை அறுபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அக்காவுக்கு 36, மாமாவுக்கு 37. போதகர் அப்பங்களை எண்ணி எடுத்துவர வேண்டுமே, அதனால் சனிக்கிழமை காலை "62" என்று எழுதிப் பூந்தமல்லி போகிற பால்காரரிடம் கொடுத்தனுப்பினேன். அன்று மாலை நான்கு மணிக்கு, போதகர் இல்லாமலேயே, தங்கையா கமிட்டியைக் கூட்டினார். என்னோடு சேர்த்து ஏழு பேர். தெய்வ மறுப்புப் பேசுகிறவருக்காக வேலை செய்கிறவர்களுக்கு இந்த மாதம் அட்டை கிடையாது என்பது தீர்மானம். பெயர் எதுவும் இல்லை. அப்படி வேலை செய்தவர் ஒரே ஆள்தான்.

"ஐயாவக் கேக்க வேணாமா?" என்றேன்.

"அவருக்கு மூணு சபை தம்பி. நமக்கு ஒண்ணுதான்" என்றார் தங்கையா. பிறகு என் மினிட் புத்தகத்தை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்துக்கொண்டே, "ஒன் பர்மனென்ட் பேப்பரு மேனேஜர் டேபிள்ல கீது. திங்கக்கெயம போய்ப் பாக்குறேன்" என்றார்.

மிரட்டினார் என்று சொல்ல முடியாது. சாதாரணக் குரல்தான். இரண்டு வருடமாக நான் தற்காலிகம். அப்பா இல்லை. கை தூக்கச் சொன்னார். ஆதரவாக மூன்று, எதிராக மூன்று. ஏழாவது கை என்னுடையது. தூக்கினேன். பிறகு உட்கார்ந்து, நான்குக்கு மூன்று என்று நானே எழுதினேன்.

ஆறு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். 36ஐக் கொடுத்தேன்.

"இவருது எங்கடா?"

"வுட்டுப்போச்சுக்கா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்கா? கிறிஸ்மஸ் முறுக்க எண்ணி டப்பா மேல எய்தி வெக்கிறவன் நீ. ஒனக்கா வுட்டுப்போச்சு?"

பின்கட்டில் முகச்சவரம் செய்துகொண்டிருந்த மாமா நுரையோடு எட்டிப் பார்த்தார். "வுடு எஸ்தரு. நாளிக்கு வாசல்ல குடுப்பான். எங்க போய்டப் போறான்? டீ ஆறுது பாரு மச்சான், குட்ச்சிட்டுப் போ."

குடித்தேன். 37 என் சட்டைப் பையில் இருந்தது.

மறுநாள் மாமா வெள்ளைச் சட்டையில் வந்தார். சைக்கிளில் கொடி இல்லை. திருவிருந்து நாள் என்று அவராகவே அவிழ்த்துவிட்டிருந்தார். வாசலில் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, பார்த்துத் தலையசைத்தார். தட்டைத் துடைக்கிற மாதிரி நான் குனிந்துகொண்டேன்.

கிராதியில் ஒரு பந்திக்குப் பன்னிரண்டு பேர் முழங்காலிடலாம். மூன்றாம் பந்தியில் அக்கா வந்தாள். 36ஐத் தட்டில் போட்டுவிட்டுக் கிராதியில் முழங்காலிட்டாள். அடுத்தது மாமா. என் முன்னால் நின்று, அந்த மூன்று விரல் கையை நீட்டினார்.

"குடு மச்சான்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தது. முதல் பெஞ்சில் தங்கையா உட்கார்ந்திருந்தார். நான் தட்டிலிருந்த அட்டைகளை எண் வரிசையில் அடுக்க ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் என் கைகளுக்குத் தெரிந்த வேலை அதுதான். மாமாவின் பார்வை என் சட்டைப் பைக்கு வந்து நின்றது. பாப்ளின் சட்டை. உள்ளே இருந்த பழுப்பு நிறம் தெரிந்திருக்கும்.

"பையிலயே கீதா?"

"கமிட்டி முடிவு மாமா."

"ஓ" என்றார். "நீ இன்னா பண்ணுவ பாவம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஏழாவது கை என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. எந்தக் காலத்திலும் நான் சொல்லவில்லை.

அக்கா முழங்காலிட்ட இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தாள். போதகர் இன்னும் வரிசையின் அந்தக் கோடியில்தான் இருந்தார். அவள் எழுந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி மாமாவின் பின்னாலேயே வெளியே போனாள்.

எல்லாப் பந்தியும் முடிந்தது. போதகர் அப்பத்தட்டைப் பார்த்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"செயலாளர் தம்பி அறுபத்திரண்டுன்னு எழுதியிருந்தாரு. ரெண்டு மிச்சம் இருக்கு. இன்னும் யாராவது வரணுமா?"

தங்கையா ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். எனக்கு எதிராகக் கை தூக்கிய மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. இன்னும் போகவில்லை, கூப்பிட்டால் வருகிற தூரம்தான். போதகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கணக்குத் தவறாத பையன் ஆயிற்றே என்று. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எதற்கும் கடிகாரம் பார்க்கிறவன், அன்று பார்க்கவில்லை. பெடல் சத்தம் தெருமுனைவரை போய் மறைந்தது. முறைப்படி மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்பதால், போதகர் இரண்டு அப்பங்களையும் தானே உட்கொண்டார்.

டைரியில் அன்றைய குறிப்பு இது: "திருவிருந்து. அட்டை 61. அப்பம் மிச்சம் 2. வெயில் அதிகம்."

வாக்குச்சாவடியில் இரண்டு சின்னங்களுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் முத்திரையைக் குத்தினேன், செல்லாது என்று தெரிந்தே. செல்லுபடியாகிற ஓட்டை நான் சனிக்கிழமையே போட்டுவிட்டேன். அருள்ராஜ் ஜெயித்தார். சொன்னபடி கல்லறைத் தோட்டத்துக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். எனக்கும் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. எல்லாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

மாமா என்னோடு பேசாமல் இருக்கவில்லை. மச்சான் என்றுதான் கூப்பிட்டார், கிண்டல் செய்தார், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார். கோயிலுக்கும் வந்தார். ஆனால் முதல் ஞாயிறுகளில் திருவிருந்துப் பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். அக்காவும் கூடப் போவாள். எத்தனையோ போதகர்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். "பசி இல்ல ஐயா" என்று சிரிப்பார். போன வருடம் அவரை அருள்ராஜ் வாங்கிக் கொடுத்த அந்த இடத்தில்தான் அடக்கம் செய்தோம். கிழவராகிவிட்ட கோதண்டம் ஆட்டோவில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கடைசிப் பாட்டு முடியும்வரை நின்றார்.

வேப்பமரத்தை வெட்டி போர்ட்டிகோ கட்டிவிட்டார்கள். பிரஸ் ஷாப் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். தங்கையாவும் இல்லை. மரக்கிராதியை எடுத்துவிட்டு, இப்போது சின்னச் சின்னக் கிண்ணங்களில் ரசம் கொடுக்கிறார்கள். வருகிறவர் வாங்கிக்கொள்ளலாம், யாரும் யார் பெயரையும் எழுதிக்கொள்வதில்லை.

அட்டைகள் அந்தத் தேர்தலோடு போயின. விஷயம் காதுக்குப் போனதும் போதகர் தங்கையாவை என்ன கேட்டார் என்று தெரியாது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் கோயிலின் பின்பக்கம் என்னைக் கூப்பிட்டு, "இனிமே இது வேணாம் தம்பி, எரிச்சுடுங்க" என்று தீப்பெட்டியைக் கொடுத்தார். எரிப்பதற்கு முன்னால் எண்ணினேன். பழக்கம்.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றார் போதகர்.

தொண்ணூற்றொன்பது இருந்தன. "சரியா இருக்குங்க ஐயா" என்றேன்.