ஹெல்மெற் வலையில் என் பங்கு

மொன்றியலில் வில்லரே பகுதியில் கூரை ஒழுகிக் கிடந்த மூன்று தட்டு வீடொன்றை வாங்கி, வேலை முடிந்து வந்த மாலைகளில் என் கையாலேயே திருத்தி எழுப்பினேன். தம்பிமார் மூவரையும் ஒரு தங்கையையும் கனடாவுக்கு எடுப்பித்தேன். தமிழ்ப் பூசைக்கு இடமில்லை என்றபோது மாதா கோயிலின் நிலக்கீழ் அறையைக் கேட்டு எடுத்து, அதற்குப் பீடமும் சனம் இருக்க வாங்குகளும் அடித்துக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன், பிரெஞ்சில் பொன்ஜூரும் மெர்சியும் மட்டும் தெரிந்தவன் செய்தவை இவை. இவற்றை யாரும் மறுப்பதில்லை. என்னிடமிருந்து நழுவிப்போனது ஒன்றுதான்: மலைச்சறுக்குக்காரர் முதுகுப்பையில் ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டு போகும் வலை. அதைப் பற்றி எழுதுவதென்றால் எங்கள் மேற்பார்வையாளரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அவர் மன்னார்ப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். நாங்கள் வேலை செய்த, முதுகுப்பை தைக்கும் தொழிற்சாலையில் நாற்பது தையல்காரரை மேய்த்தார். எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். நான் மட்டும் தங்கச்சி என்பேன். முதலாளியோடு பிரெஞ்சில் சரிக்குச் சரி கதைப்பார். நான் வெட்டுமேசைக்காரன். ஒரே வெட்டில் முப்பது அடுக்குத் துணியை மயிரிழை பிசகாமல் வெட்டுவேன். அதில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் போயிருக்கும். முதலாளிக்கு, ஆளை மேலே ஏற்றிவிடும் இழுவைக் கம்பியில்லாத பனிமலைகளில் சறுக்குவதில் பைத்தியம். கால்நடையாகவே ஏற வேண்டும். ஏறும்போது வியர்க்கும் என்பதால் ஹெல்மெற்றைக் கழற்றிவிடுவார்கள், இறங்கும்போதுதான் போடுவார்கள். கழற்றியதை எங்கே வைப்பது? அதன் நாடிப்பட்டியால் பையின் அடியில் தொங்கவிட்டுக்கொண்டு போன முதலாளி, திங்கட்கிழமை கதிரையில் இருக்கமுடியாமல் நின்றுகொண்டே வேலை பார்த்தார். எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும் பின்பக்கத்தில் ஒரு குத்து விழுந்திருக்கிறது. மேலே தொங்கவிட்டால் வாய் திறந்த சட்டி மாதிரிப் பனியை அள்ளிக்கொள்கிறது. உள்ளே வைத்தால் மண்வெட்டிக்கும் மாற்று உடுப்புக்கும் இடமில்லை. பக்கங்களில் சறுக்குப் பலகைகளைக் கட்டுவார்கள், அங்கேயும் முடியாது. படம் வரைகிற படித்தவர்கள் மூன்று கிழமையாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு விடை வந்தது வெங்காயப் பையில். பத்துக் கிலோ வெங்காயம் சிவப்பு வலையில் வருமே, அதில் ஒன்றை மதியச் சாப்பாட்டு நேரத்தில் விரித்து, பையின் முதுகில் ஹெல்மெற்றை வாய் உட்பக்கமாகக் கவிழ்த்து, மேலே வலையைப் போட்டு நான்கு மூலையிலும் கட்டினேன். பனி விழ வழியில்லை, ஆடவும் இடமில்லை.

தங்கச்சி வந்து பார்த்தார். "அண்ணை, இதுக்குள்ள இருக்கிறது வெங்காயமோ, மண்டையோ?"

"மண்டைதான். சிரியும், சிரியும். வாற ஞாயிறு பூசை முடிய என்ர வீட்டடிக்கு வாரும், காட்டிறன்."

வந்தார். என் வீட்டுக்குத் தெருப்பக்கமாகத் திருகி ஏறும் இரும்புப் படி இருக்கிறது. முதலாளி ஏறுகிற மாதிரி மலைக்கு நான் எங்கே போவது? பைக்குள் அரிசி மூட்டையை இறக்கி, முதுகில் ஹெல்மெற்றோடு ஏறி இறங்கினேன். மனைவி யன்னலைத் திறந்து, "இஞ்சேருங்கோ, அயலட்டை பொலிசைக் கூப்பிடப்போகுது!" என்று கத்தினாள். ஏழாவது தடவை ஒரு மூலை நழுவியது. ஹெல்மெற் படிப்படியாகத் துள்ளி, தெருவைக் கடந்து, டெப்பனர் கடை வாசலில் போய் நின்றது.

தங்கச்சி அதை எடுத்துக்கொண்டு வந்தார். சிரிக்கவில்லை. "வலை இழுபடவேணும் அண்ணை. உங்கட வெங்காயச் சாக்கு இழுபடாது. நீச்சல் உடுப்புத் துணியில வெட்டித் தாங்கோ. மூலைக்குக் கட்டு வேண்டாம், கொழுக்கி போடுவம்."

இழுபடும் துணியும் கொழுக்கியும் அவருடைய மூளை. நான் மறைக்கவில்லை. வலை என்ற எண்ணமும், கவிழ்த்து வைப்பதும், வெட்டும் என்னுடையவை.

அடுத்த நாள் அவருடைய மெசினில், அவர் பக்கத்தில் நிற்க, நான்தான் தைத்தேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம்: மாதிரிப் பை ஒவ்வொன்றின் உள்ளேயும் தைத்த மெசினின் இலக்கம் போட்ட வெள்ளை நாடா இருக்கும். முதலாளி ஆளைத் தேடுவது அதை வைத்துத்தான். வெட்டுமேசைக்காரனுக்கு இலக்கம் இல்லை. மெசினைத் தொடவும் அனுமதி இல்லை.

"நாடாவில உங்கட பேரை எழுதட்டோ அண்ணை?" என்று கேட்டார்.

"வேண்டாம். வெட்டிறவன் ஏன் தைச்சவன் எண்டு வேலையால நிப்பாட்டிப் போடுவாங்கள். உம்மட இலக்கமே இருக்கட்டும்."

இது நான் செய்த பிழை. மூன்று தம்பிமாரைக் கூப்பிட்டு எடுத்தவன், ஒரு நாடாவுக்குப் பயந்தேன்.

அந்த மாதிரிப் பையோடு சனி ஞாயிறு மலைக்குப் போய்வந்த முதலாளி, அடுத்த திங்கள் நாடாவைப் பார்த்து நேரே தங்கச்சியிடம் வந்தார். இரண்டு நாள் மலையில் ஏறியும் வலை அசையவில்லையாம். எல்லோரையும் கூப்பிட்டுக் கைதட்ட வைத்தார். தங்கச்சி பிரெஞ்சில் "நாங்கள் செய்தது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல் எனக்கும் விளங்கியது. ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் போதும். நான் கத்தியின் கூரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி அந்த "நாங்களை" மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

பேந்து சாப்பாட்டு மேசையில் தங்கச்சி, "ஏன் அண்ணை வாயைத் திறக்கேல்லை? நான் வழி விட்டனான் எல்லே" என்று கோபித்தார். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்காகப் பட்ட கோபம். அப்படி ஒரு மனுசியை நான் வேறு எந்த வேலைத்தலத்திலும் காணவில்லை.

போன குளிர்காலம் அவர் காலமானார். முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அவருடைய மகள், "எங்கள் அம்மா தனியாகக் கண்டுபிடித்த ஹெல்மெற் வலை" என்று எழுதியிருக்கிறாள். பிள்ளையில் பிழையில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியவன் நான். இவ்வளவு காலமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வருகிற ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு இன்னொரு மலர் அச்சடிக்கப் போகிறார்களாம். மகளே, அதில் "தனியாக" என்ற சொல்லை எடுத்துவிடு. அம்மாவின் பெயர் முதலில் வரட்டும். அவர் அதற்கு உரியவர். பக்கத்தில் என் பெயரைப் போடு. அடிக்குறிப்பில் வேண்டாம், சின்ன எழுத்திலும் வேண்டாம். அதே வரியில், அதே அளவில்.