குடல் சரியும் காட்சி

"குடல் எங்கலே? குடலக் காணோம்!"

கூட்டத்திலிருந்து வந்த முதல் கல் கயிற்றில் பட்டுத் தெறித்தது. சூசையப்பன் கழுத்தில் சுருக்கோடு மேடையில் அசையாமல் நின்றான். சொல்ல வேண்டிய நான்கு வரிகளில் முதல் வரியைச் சொல்லியிருந்தான்.

"அவர் பிட்டுக் கொடுத்த அப்பம் இன்னும் என் வாயில் இனிக்கிறது."

"இனிக்கட்டும், இனிக்கட்டும். நீ ஆடு யூதாசு!"

தேயிலைப் பெட்டிகளை அடுக்கிப் பலகை போட்ட மேடை. மூணாறுக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் இருட்டினால் யானை இறங்கும். அதனால் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தைப் பகலிலேயே போட்டார்கள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, மூன்று டிவிஷன் ஆட்களும் வந்து உட்காருவார்கள். இயேசுவைப் பார்த்து அழுவார்கள், யூதாசைப் பார்த்துச் சிரிப்பார்கள். யூதாஸ் குரங்கு மாதிரி குதிக்க வேண்டும். பிறகு தொங்க வேண்டும். தொங்கும்போது வயிறு வெடித்துக் குடல் சரிய வேண்டும். நிஜமான ஆட்டுக்குடல். சட்டைக்குள் சாக்குப் பையில் கட்டி, நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சு.

பதினோரு வருடமாக அவன்தான் யூதாஸ். ஃபாக்டரி மாடியில் பச்சை இலையை வாட்டுவது அவன் வேலை. காலையில் ஆள் கூப்பிடும் செக்ரோலில் மட்டும் சூசையப்பன். குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் யூதாசு.

போன வருடம் தொங்கிக்கொண்டிருந்தபோது, இந்த யூதாஸ் சாகும்போது என்ன நினைத்திருப்பான் என்று தோன்றியது. அதன்பின் இலை பரப்பும்போதெல்லாம் அதுவே தோன்றியது. நான்கு வரி எழுத ஒரு வருடம் ஆயிற்று. ஒத்திகையில் அவற்றைச் சொல்லவில்லை. காலையில் மனைவி கத்தரீனாள் கழுவி மஞ்சள் தடவி வைத்த குடலைத் தொடாமல் மேடை ஏறிவிட்டான்.

இரண்டாவது கல் காதில் பட்டது.

"அந்த வாயால் அவரை முத்தமிட்டேன்." கூச்சலில் அது அவனுக்கே கேட்கவில்லை.

"எழுதாத வசனத்த உன்ன யாரு பேசச் சொன்னது?" நாடகத்தை நடத்தும் உபதேசியார் திரைக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தார். பக்கத்தில் முள்முடியோடு கபிரியேல், கத்தரீனாளின் தம்பி. அவன்தான் இயேசு.

"அத்தான், ஆடித் தொலைங்க. நான் இன்னும் சிலுவையே தூக்கல. அதுக்குள்ள மேடையப் பிரிச்சிருவானுக."

கத்தரீனாள் பக்கவாட்டில் ஏறி வந்தாள். கையில் சாக்குப் பை.

"ஏங்க, கட்டிக்கிடுங்க. நம்ம புள்ளைக முன்னால அடி வாங்காதீங்க."

அவளே கட்டினாள். இன்னும் இரண்டு வரி இருந்தது. குதித்தால் சத்தம் அடங்கும், அடங்கினால் வரிகள் கேட்கும் என்று சூசையப்பன் நினைத்தான்.

குதித்தான். சத்தம் அடங்கியது. குதித்துக்கொண்டே சொன்னான்.

"இப்போது என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை."

சிரிப்பு தேயிலைச் சரிவு வரை போயிற்று. முன்வரிசையில் ஒரு பெண் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கயிறே, நீயாவது என்னைக் கைவிடாதே."

முடிச்சை இழுத்தான். குடல் விழுந்தது.

"ஒன்ஸ்மோர்! அந்த வசனத்தோட!"

குடலை அள்ளி மறுபடி கட்டினார்கள். மூன்று முறை. மூன்றாவது முறை அவன் நிஜமாகவே அழுதான்.

"அழுகுறான் பாரு. இந்த வருசம் யூதாசு பிரமாதம்டா."

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர். கங்காணி செக்ரோலைப் பார்த்து, "சூசையப்பன்" என்று கூப்பிட்டார். "பேரச் சொல்லிக் கூப்பிட்டாச்சு!" என்று கொழுந்து எடுக்கும் பெண்கள் பக்கமிருந்து குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார். அவன் மாடிக்குப் போய் இலை பரப்பினான். மத்தியானம் உபதேசியார் நாடக நோட்டோடு வந்து நான்கு வரிகளையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஓரத்தில், 'குதித்துக்கொண்டே' என்று எழுதினார். முதல் வரியும் இரண்டாவது வரியும் இடம் மாறியிருந்தன. சூசையப்பன் அதைச் சொன்னான். அவர் அடித்துத் திருத்தினார். சாயங்காலம் மழை பெய்தது. ஆறு மணிக்கு இரண்டாவது லோடு இலை வந்தது.