ராசிக்கு வந்த வேலை

யார் தப்புச் செய்தாலும் திட்டு வாங்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்காகத்தான் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று ஒருவரை வைத்திருப்பார்கள். அந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் நான் சேர்ந்தபோது, "இந்த எக்ஸ்போர்ட் ஆர்டர் ஒழுங்காப் போனா வேலை நிரந்தரமுங்க. இல்லீன்னா வேற எடம் பாத்துக்குங்க" என்றார் முதலாளி. என் மனைவியும் குழந்தையும் கணியூரில் மாமனார் வீட்டில் காத்துக் கிடந்தார்கள்.

ஊசிக் கோடு

நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி உடைந்து, துணி நெடுகக் கோடு விழுந்துவிட்டது. டி-சர்ட் தைத்தால் சரியாக நெஞ்சுக்கு நடுவில் வரும். வேறு துணி கேட்டு முதலிபாளையம் வரை சைக்கிள் மிதித்தேன். ஒரு முழம்கூடக் கிடைக்கவில்லை.

தொலைந்தோம் என்று திரும்பினால், துணியை உருளையில் விட்டு மடிக்கும் காதர் பாய், குழாய் போல வரும் அந்தத் துணியைத் தெரியாமல் சற்றுத் திருப்பி மடித்திருந்தார். கோடு ஓரத்துக்குப் போய், கட்டிங்கில் கழிந்தே போயிற்று. காலில் விழாத குறையாக நன்றி சொன்னேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்தக் கோடுங்க?" என்றார்.

கரண்ட்

துணி தப்பியது, கரண்ட் போயிற்று. மின்சார ஆபீஸில் கும்பிட்டேன், கெஞ்சினேன், ஒருத்தரும் அசையவில்லை. கம்பெனி வாசலில் உட்கார்ந்து அழுதேவிட்டேன், இதில் வெட்கமென்ன! திடீரென்று ஃபேன் சுற்றியது. அடுத்த தெருவில் கட்சிக் கூட்டமாம், மைக்குக்காக லைனைச் சரிசெய்திருக்கிறார்கள். முதலாளி கேட்டார்: "நீங்க அழுதா கரண்ட் வருமுன்னு முன்னாலயே சொல்லக் கூடாதுங்களா?"

கப்பல்

சரக்கோடு நானும் தூத்துக்குடிக்கு லாரியில் போனேன். பாதி வழியில் ஆக்சில் ஒடிந்தது. போகிற வருகிற லாரிகளையெல்லாம் கைகாட்டி மறித்தேன், ஒன்றும் நிற்கவில்லை. மெக்கானிக் வந்து சரிசெய்து, ஒரு நாள் தாமதமாகத் துறைமுகம் சேர்ந்தோம். போச்சு, எல்லாம் போச்சு என்று இறங்கி ஓடினேன். திருநெல்வேலிக்கார டிரைவர் விசாரித்துவிட்டு நிதானமாக வந்தார்: "எதுக்கு சார் இப்படி மூச்சு வாங்குதீக? கடல்ல புயலாம், கப்பலே இன்னும் வரலைல்லா!"

நிரந்தரம்

வேலை நிரந்தரமாயிற்று. நான் பட்ட பாட்டுக்குக் கிடைத்தது என்று பூரித்து நின்றேன். முதலாளி சொன்னார்: "எல்லாம் உங்க ராசிதானுங்க. இனி நீங்க எங்கயும் ஓட வேண்டாம், ஆபீஸ்ல சும்மா உக்காந்திருங்க, போதும்."

உழைப்புக்குக் கொடுத்த வேலையென்றால் இன்னும் கொஞ்சம் உழைத்துத் தக்கவைக்கலாம், ராசிக்குக் கொடுத்த வேலையை என்ன செய்து காப்பாற்றுவது என்று தெரியாமல் அந்த நாற்காலியில் வருஷக்கணக்காக நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.