நீலியும் சுபாவும் நடந்த வழி

நேற்று சாயங்காலம் ஐயப்பன்தாங்கல் டெப்போ வாசலில், ஏற வேண்டிய பஸ்ஸை வேண்டுமென்றே விட்டேன்.

காரணம் ஒரு கேம். (சிரித்துவிட்டு வாங்க, காத்திருக்கிறேன்.)

ரோல்-பிளேயிங் கேம். ஹீரோவோடு கூடவே வந்து சண்டை போடும் ஒரு வில்லாளிப் பெண் உண்டு. நீல அங்கி போட்டிருப்பாள், அதனால் நான் வைத்த பெயர் நீலி. அவளைக் காதலிக்கலாம் என்று கேம் சொல்கிறது.

எனக்குத்தான் பொறுமை கிடையாதே. காலேஜையே பாதியில் ஸ்கிப் பண்ணியவன்.

மேப்பில் ஊர்ப் பெயரை அமுக்கினால் அடுத்த நொடி அந்த ஊரில் நிற்கலாம். கேம் முழுக்க அப்படியேதான் பறந்தேன். நீலிக்குக் கிஃப்டாக அள்ளிக் கொடுத்தேன். கடைசிச் சண்டை முடிந்தது. நீலி என்னைப் பார்த்து, உன்னோடு வேலை செய்ததில் மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏதோ ஆபீஸில் ஃபேர்வெல் மாதிரி.

பூந்தமல்லி அல்தாஃபிடம் போய்ப் புலம்பினேன். அதே கேமை ஆறு மாதமாக உருட்டிக்கொண்டிருப்பவன் அவன்.

"மாமே, அவ ரோட்ல நடக்க சொல்லதான் பேசுவா. நீ அவள நடக்கவே உடலியே. அப்பறம் எப்டி லவ் வரும்?"

மேப்பை அமுக்காமல் கூடவே நடந்தால்தான் பேசுவாளாம். வழியில் மழை வருமாம். ஒரு பாலத்தடியில் ஒதுங்கும்போதுதான் அவள் தன் ஊரைப் பற்றி முதல்முறை வாய் திறப்பாளாம். நான் அந்தப் பாலத்தையே பார்த்ததில்லை.

இப்போது சுபா.

தேனிக்காரி. ஐடி வேலை. கட்டுப்பாக்கத்தில் அவள் ஃப்ளாட்டுக்கு நெட் கனெக்‌ஷன் போடப் போனபோது பழக்கம். சனிக்கிழமைகளில் கம்பெனி பஸ் அவளை டெப்போவில் இறக்கிவிடும். நான் பைக்கில் கொண்டுபோய் ஃப்ளாட் வாசலில் விடுவேன். அஞ்சு நிமிஷம். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அழுத்தக்காரி என்றே நினைத்திருந்தேன்.

அவளை பெங்களூருக்கு வரச் சொல்லி ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நேற்று நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். என்னைப் பிடிச்சிருக்கா, இல்லையா. ஒரே கேள்வி, ஒரே பதில்.

ஆனால் கிளம்பும்போது அந்தப் பாலம் ஞாபகம் வந்தது. பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

"வண்டி எங்க?"

"ரிப்பேருங்க."

கட்டுப்பாக்கம் பஸ் வந்தது. ஏறப் போனவளிடம் நடக்கலாமா என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தாள். பஸ் போய்விட்டது.

மெட்ரோ தூண்களுக்கு நடுவே வெயில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு தூணுக்கு அவள் முகம் நிழல், அடுத்த தூணுக்கு வெளிச்சம். அத்தனை ஹாரனும் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்பது மாதிரி இருந்தது.

ரொம்ப தூரம் இரண்டு பேரும் நடந்தோம். நானும் எதையும் அமுக்கவில்லை.

பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொல்லவா? உங்க வண்டியில ஏறுனா நான் கண்ண மூடிக்கிருவேன். அம்புட்டு பயம். பேச்சே வராது."

இத்தனை சனிக்கிழமையும் கண்ணை மூடிக்கொண்டே வந்திருக்கிறாள்!

அப்புறம் நிற்கவே இல்லை. அவள் வீட்டுத் திராட்சைத் தோட்டம், தினமும் போன் செய்து சாப்பிட்டியா என்று மட்டும் கேட்கும் அப்பா, ஃப்ளாட்டில் ராத்திரி தனியாகப் பாடிக்கொள்வது என்று எல்லாம் சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டே நடந்தேன். என் கேள்வி பாக்கெட்டிலேயே இருந்தது.

ஃப்ளாட் கேட் வந்துவிட்டது. கேட்காமலே திரும்பினேன். அவள்தான் கூப்பிட்டாள்.

"பெங்களூரு வேணாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன். அந்தக் குளிரு எனக்கு ஆகாது."

"ஆமாங்க, ரொம்ப குளுரு."

"அடுத்த சனிக்கிழமையும் உங்க வண்டி ரிப்பேராத்தான் இருக்குமா?"

"இருக்கும்ங்க. பெரிய ரிப்பேரு."

(வண்டி வீட்டு வாசலில் பளபளவென்று நிற்கிறது. யாரும் அவளிடம் சொல்லித் தொலையாதீங்க.)

இன்று காலையில் கேமை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். மேப்பைத் திறக்கவே இல்லை. நானும் நீலியும் நடந்துகொண்டிருக்கிறோம், லேசாகத் தூறுகிறது.

பாலத்தடியில் அவள் என்ன சொல்வாள் என்று தெரிந்தவர்கள் கமென்ட்டில் தயவுசெய்து சொல்லாதீங்க. நான் நடந்தே போய்க் கேட்டுக்கொள்கிறேன்.