எடைக்குக் கட்டிய வினைச்சொற்கள்

தாராவியிலிருந்து மாஹிம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, ஒரு கை தாடைக்குக் கீழே. 'ஆ-ப்லா-மோஸ்' என்று முணுமுணுத்தால் தாடை மூன்று முறை கையில் இடிக்கும். எதிரே வந்தவர் நின்று, "தாந்த் துக்தா ஹை க்யா?" என்றார். பல் வலிக்கிறதா என்று கேட்கிறார். ஆமென்று தலையாட்டினேன். ஸ்பானிஷ் என்றால் நம்பவா போகிறார்?

தாணேயிலும் செம்பூரிலும் காரணமில்லாமல்தான் வேலையை விட்டேன். இந்த முறை காரணம் இருந்தது. தாராவியில் எங்கள் பட்டறையில் மாதுங்கா வித்யா டீச்சருக்காக, ஸ்பானிஷ் படிக்கும் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பெட்டிகள் செய்தோம். 'ஆப்ல்' என்ற மரத்துண்டு பேசுவதைக் குறிக்கும். அதற்குப் பின்னால் 'ஓ' வைத்தால் நான் பேசுகிறேன். 'ஆஸ்' வைத்தால் நீ. 'ஆமோஸ்' வைத்தால் நாங்கள். மாதிரி பார்க்க வந்த டீச்சர், "தாடைக்குக் கீழ கைய வெச்சுண்டு சொல்லுங்கோண்ணா. எத்தனை தடவை இடிக்கறதோ அத்தனை அசை" என்றார்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மலைத்துப்போனேன். 'ஆ-ப்லோ' என்று வாய் ஓரிடத்தில் பிரிக்கிறது. பொருளோ 'ஆப்ல்-ஓ' என்று இன்னோரிடத்தில் பிரிகிறது. ஊரில் இருக்கும் நீங்கள் 'பேசினேன்' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள், நம்மிடமும் அப்படித்தான். 'நான்' என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், சொல்லின் வாலில் ஆள் உட்கார்ந்திருக்கிறான். எத்தனையோ கடலுக்கு அப்பால் யாரோ இதே விதமாகப் பேச்சைக் கட்டியிருக்கிறார்கள். இதை அறிய நான் தாராவிக்கு வரவேண்டியிருந்தது.

பட்டறையில் எதையும் எண்ணுவதில்லை, எல்லாம் தராசுதான். 'ஓ', 'ஆஸ்', 'ஆமோஸ்' என்ற வால் துண்டுகளையும் மூட்டையிலிருந்து அள்ளி எடை போட்டுக் கட்டினோம், நானும்தான் கட்டினேன். அன்று ஆசைக்கு ஒரு பெட்டியைப் பிரித்து அடுக்கினால், ஏழு 'ஆமோஸ்' இருந்தன, 'ஓ' ஒன்றுகூட இல்லை. இன்னும் நாலு பிரித்தேன். அதே கதை. சின்னத் துண்டுகள் மூட்டையின் அடிக்கு இறங்கிவிட்டிருந்தன. இந்தப் பெட்டிகளைக் காட்டித்தான் டீச்சருக்கு ஒரு பள்ளியில் வேலை கிடைப்பதாக இருந்தது. பெட்டிகள் மறுநாள் போகவேண்டும்.

முதலாளி அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"எட சரியா இருக்குல்லா, பொறவென்னல?"

"பிள்ளையளால வெளையாட முடியாது அண்ணாச்சி."

"எட்டாங்கிளாஸு எனக்கு ஸ்பானிஷ் சொல்லித் தாரியோ? ஒட்டுனது ஒட்டுனபடி போவட்டும். முடியலன்னா பைய எடு."

எடுத்தேன்.

மாஹிம் ஸ்டேஷனில் டிக்கெட் எடுக்காமல் டீச்சருக்குப் போன் செய்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இப்போ எங்க இருக்கேள்ணா?" என்றார். வந்துகொண்டிருக்கிறேனா போய்க்கொண்டிருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். பெட்டிகளை ஏற்றிப்போக வந்த வண்டியை நிறுத்திவைக்கும்படி டீச்சர் போனில் சொல்லியிருந்தார். அண்ணாச்சி தராசைப் பார்த்தபடியே சொன்னார். "போனவன் போய்த் தொலைய வேண்டியதான. உக்காருல. சோறு உண்டு, கூலி கெடையாது."

ஒத்துக்கொண்டேன். கடைசியாகக் கட்டியவற்றை முதலில் பிரித்தேன். அவற்றில் 'ஓ' மட்டுமே இருந்தது. நான், நான், நான், கூட ஒருவருமில்லை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, 'நாங்கள்' மட்டுமே நிறைந்திருந்த பெட்டிகளில் போடுவதுதான் என் வேலை.