சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவே

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பக்கத்து மனையில் வீடு கட்டப் போகிறார்கள். நேற்றுக் காலை கொத்தனார் நூல் பிடித்து, அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். காபி டம்ளரோடு மாடியில் நின்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அந்தக் காய்ந்த வாசனை மூக்கில் ஏறியதுமே டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே ஓடி ஜன்னலைச் சாத்தினேன். வெள்ளைப் பொடிக்குப் பயப்படுகிற மனுஷனைப் பார்த்திருக்கிறீர்களா? இதோ, நான்தான்.

டிப்ளமோ முடித்த கையோடு சேத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு கிராவல் மண் குவாரியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்மேல் மரியாதை வரும். எல்லாம் திட்டப்படி நடக்க வேண்டும். முதலில் மேல்மண்ணை வழித்து ஒரு மூலையில் குவிக்க வேண்டும், அது மழையில் கரையாதிருக்க மேலே கொள்ளு விதைக்க வேண்டும். கிராவலை எடுத்து முடித்த பிறகு பள்ளத்தை நிரப்பி, அந்த மேல்மண்ணையே மறுபடியும் பரப்பிவிட வேண்டும். குவாரிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த என் அத்தையிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அத்தை அப்பாவின் தங்கை, இரண்டு கறவை மாடு வைத்திருந்தவள், வாய்த்துடுக்கு அதிகம்.

"ஏலே, திரும்ப மூடுறதுக்கு எதுக்குலே தோண்டுறிய?"

ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டேன்.

குவாரி நிலத்தின் நடுவே ஒரு வண்டிப்பாதை போனது. அரசாங்க வரைபடத்தில் அது பொதுப்பாதையாக இருந்ததால் அதைத் தொடக்கூடாது. நாங்களும் தொடவில்லை. கொஞ்சம் இடம் விட்டு, அதன் இரண்டு பக்கமும் பொக்லைனை இறக்கித் தோண்டினோம். தோண்டத் தோண்ட அது பாதையாக இல்லாமல் ஒரு மண்சுவராக நின்றது. இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். கீழே நிற்கிற டிப்பர் தீப்பெட்டி மாதிரித் தெரியும். அதன்மேல்தான் அத்தை தினமும் காலையில் மொபெட்டில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு மெயின்ரோட்டுக்கு வருவாள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "பாதையை நாம தொடலையே தம்பி. பொறவு என்ன பயம்?" என்றார்.

எனக்கோ பயம் மட்டும்தான் இருந்தது. முள்ளை வெட்டிப் பாதையை அடைத்தேன். அத்தை அதைக் கம்பால் தள்ளிவிட்டு வந்தாள். கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போகச் சொன்னால், "சுத்திப் போனா பால் வேன் எனக்காவ நிக்குமாலே?" என்பாள். வேறு வழி தெரியாமல், தினமும் சாயங்காலம் துளை போட்ட டப்பாவில் சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு பாதையின் இரண்டு ஓரத்திலும் கோடு போட ஆரம்பித்தேன். காலையில் எங்கே கோடு இல்லையோ அங்கே ஓரம் சரிந்திருக்கிறது என்று அர்த்தம். சரிந்த இடத்தில் அன்று சாயங்காலம் கோட்டை உள்ளே தள்ளிப் போடுவேன். இப்படியே இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வந்தன. அத்தைக்கு அந்தக் கோடு பிடித்துப்போனது. அதற்குள்ளேயே அச்சுப் பிசகாமல் ஓட்டிவருவாள். ஒரே ஒரு கண்டிப்பு மட்டும் வைத்திருந்தாள். "நான் நடுப்பாதையில வரும்போது மட்டும் கூப்பிடாதலே. திரும்பிட்டேன்னா கை ஆடிரும்."

ஐப்பசி பிறந்ததும் நான் மேற்கே பார்த்தபடியே இருந்தேன். அய்யனார் கோவில் மலையில் மேகம் உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கல்யாணப் பந்தியில் அடுத்தவர்கள் பாயசம் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் ராத்திரி பிடித்த மழை விடிய விடியப் பெய்தது. காலையில் ஓடிப் போய்ப் பார்த்தால் பாதையில் கோடே இல்லை. மழை சுண்ணாம்பைக் கழுவியதா, ஓரத்தையே கொண்டுபோய்விட்டதா, ஒன்றும் தெரியவில்லை. அத்தையைத் தடுக்கலாமென்று நிமிர்ந்தேன். அதற்குள் அவள் பாதி தூரம் வந்திருந்தாள்.

கத்த வாயைத் திறந்தேன், அவள் சொன்னது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். மொபெட் மெதுவாக வந்தது. அப்போது அவள் கடந்து வந்த இடத்தில், முதுகுக்குப் பின்னால், பாதையின் ஒரு பக்கம் அப்படியே கீழே போனது. பிறகு மறுபக்கமும். மொபெட் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கும்பிடக்கூடத் தோன்றவில்லை, அவள் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் பக்கத்தில் வந்து நிறுத்தினாள். "என்னலே, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

கையை மட்டும் நீட்டினேன். திரும்பிப் பார்த்தாள். அவள் வந்த பாதையின் நடுவில் ஆகாயம் தெரிந்தது. வண்டியை விட்டு இறங்கி, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பால் வேன் ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அன்றைக்கு நானும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவன்தான், பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை.

போன தையில் அத்தை மகன் கூப்பிட்டான். அத்தை இப்போது ராஜபாளையத்தில் அவனோடு இருக்கிறாள். குவாரி இருந்த இடத்தில் பிளாட் போட்டிருக்கிறார்களாம், ஒன்று வாங்கலாமா என்று பார்க்க மூன்று பேரும் போனோம். பள்ளம் இல்லை. கொள்ளு முளைத்த மேல்மண் குவியல் இல்லை. வண்டிப்பாதை எங்கே ஓடியது என்று சொல்ல ஒரு கல்கூட இல்லை. திட்டத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் நிரப்பி, ஒரே மட்டமாக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

"தாராளமா நடங்கம்மா, எல்லாம் சமதளம்தான்" என்றார் விற்கிறவர்.

அத்தை சேலையை இடுப்பில் செருகினாள். வாய்க்காலுக்காகப் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே அடிமேல் அடி வைத்து, கைகளைச் சற்று விரித்து, எதிர்ப்பக்கத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். கால் கோட்டுக்கு வெளியே படவில்லை. அவள் மகன் மூலைப் பிளாட்டைக் காட்ட, "யம்மா" என்று வாயெடுத்தான். நான் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன்.

"கூப்பிடாதலே. அத்தை நடுப்பாதையில இருக்கு."