குறுக்கே கிடந்த கைகள்

செகண்டரி டூவோடு, அதாவது எட்டாவதோடு, படிப்பை விட்டவன் நான். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் உதவியாளர் வேலை. நெஞ்சு வலி என்று யார் வந்தாலும் உடனே இசிஜி எடுத்து டாக்டர் கையில் கொடுக்க வேண்டும். கோடுகளைப் படிப்பது டாக்டர் பாடு, ஒயர்களைச் சரியாக மாட்டுவது என் பாடு. சிவப்பு வலது கைக்கு, மஞ்சள் இடது கைக்கு. மார்சிலிங்கில் என் வீட்டு அடுப்பை அணைத்தேனா என்று லிஃப்ட் வரை வந்து மூன்று தடவை திரும்பிப் போகிறவன் நான். ஒயரையும் மூன்று தடவை பார்ப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கவில்லை.

தேக்காவில் ஒரு காப்பிக்கடைக்குப் பின்னால் நடந்த சண்டையிலிருந்து ஒருவரை நெஞ்சு வலி என்று போலீஸ்காரர்கள் கொண்டுவந்தார்கள். போத்தலால் இன்னொருவரின் காதைக் கிழித்துவிட்டாராம். அவரையும் விட்டுவைக்கவில்லை, சட்டையின் நெஞ்சுப் பக்கம் சப்பாத்துத் தடம். கையில் விலங்கு. கட்டிலில் போட்டதும் தாதியின் முகத்தில் உதைத்தார். அந்தப் பெண்ணின் மூக்கு உடைந்து ரத்தம் தரையெல்லாம் சொட்டியது. ஒரு போலீஸ்காரர் அவர் முழங்கால்மேல் ஏறி உட்கார்ந்தார். இன்னொருவர் இரண்டு மணிக்கட்டையும் வயிற்றின்மேல் குறுக்காகப் போட்டு அழுத்தினார்.

"கை குடையுதுடா டேய். கை குடையுது."

அங்கே தமிழ் புரிந்தவன் நான் ஒருவன்தான். விலங்கு இறுக்குகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் என் மேல் துப்பினார். சீக்கிரம் முடித்தால் போதும் என்று, வலப்பக்கம் கிடந்த கையில் சிவப்பையும் இடப்பக்கம் கிடந்த கையில் மஞ்சளையும் மாட்டினேன். கைகள் குறுக்கே கிடந்தன. எனக்கு உறைக்கவில்லை.

டாக்டர் இளம் சீனப் பெண். தாளைப் பார்த்ததும் முதல் கோடு தலைகீழாக இருக்கிறதே, கைகளை மாற்றி மாட்டினாயா என்று கேட்டார். போன மாதம்தான் வேறொரு தவறுக்காக எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். சரியாகத்தான் மாட்டினேன் என்றேன். தாதியின் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டே டாக்டர், அவர் ஆடிய ஆட்டத்தில் கோடு கெட்டிருக்கும், மிதி வாங்கிய வலிதான், எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள் என்றார்.

ஒயரைக் கழற்றப் போனபோதுதான் பார்த்தேன். சிவப்பு ஒயரின் கையைத் தோள் வரைக்கும் கண்ணால் தொடர்ந்தேன். அது இடது தோளுக்குப் போனது. இரண்டு தடவை டாக்டர் பக்கம் போய், இரண்டு தடவையும் திரும்பினேன். மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன்.

டாக்டர் திட்டவில்லை. "ஓடுங்க" என்ற மாதிரி கையை மட்டும் வீசினார்.

கட்டிலில் கிடந்தவர் காதருகே குனிந்தேன். "அண்ணே, தப்பா மாட்டிட்டேன். என் தப்புதான். பத்து செகண்ட் அசையாம இருங்கண்ணே."

நெற்றியால் என் வாயில் இடித்தார். பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. அதைத் துப்பிவிட்டுத் திரும்பவும் குனிந்தேன். அதற்குள் அவருக்கு நிறம் மாறி, வியர்வை கொட்டி, அடிக்கத் தெம்பில்லாமல் போயிருந்தது. பத்து செகண்ட் கிடைத்தது.

இந்தத் தடவை முதல் கோடு நிமிர்ந்து நின்றது, ஆனால் நடுவில் மேடு தட்டியிருந்தது. மாரடைப்பு. டாக்டர் போனை எடுத்தார், இதய சிகிச்சை அறைக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். இரண்டு தாளிலும் மெஷின் நேரத்தை அச்சடித்திருந்தது. நடுவில் பதினோரு நிமிடம்.

இரண்டு நாள் கழித்து வேறொருவரை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வாசல் கட்டிலில், பக்கத்தில் போலீஸ்காரரோடு, அந்தச் சண்டைக்காரர். என் வீங்கிய உதட்டைப் பார்த்து யார் அடித்தது என்று கேட்டார்.

"நீங்கதாண்ணே."

சிரித்தார். நான் சிரிக்காமல், தப்பாக மாட்டியதையும் மறைத்ததையும் அந்தப் பதினோரு நிமிடத்தையும் சொன்னேன். இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போச்சு என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தாராம். அது அந்தப் பதினோரு நிமிடத்தில் போனதா என்று கேட்டார். தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

கையைத் தூக்கப் பார்த்து விட்டுவிட்டார்.

"இன்னொரு குத்து விடணும் போல இருக்கு. கைதான் தூக்க முடியல. போ லா."